நாலு வருஷம் கழித்து என்ன ஆனது என்றும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு தங்கள் நாளிதழின் இணைப்பில், எதைப் படித்தால் உடனே வேலை என்று இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். அதைக் கத்தரித்து, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என் கடைக்கு இதுவரை பதினோரு அப்பாக்கள் வந்துவிட்டார்கள். ஒருவர் லேமினேஷனே போட்டுத் தரச் சொன்னார். போட்டுக் கொடுத்து முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டேன். வாங்கின பிறகு மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், பைண்டிங், பாஸ்போர்ட் விண்ணப்பம், வருமானச் சான்று, பட்டா என்று எல்லாம் உண்டு. மே மாதம் வந்தால் மட்டும் மற்றதெல்லாம் ஓரத்துக்குப் போய்விடும். பொறியியல் கலந்தாய்வு, அரசு கலைக் கல்லூரி, பாலிடெக்னிக், புதுச்சேரி முகவரி உள்ள பிள்ளைகளுக்கு அந்த ஊர் அரசின் சேர்க்கையான சென்டாக் என்று ராத்திரி பத்து மணி வரை கீபோர்டை விட்டுக் கை எடுக்க முடியாது. மாற்றுச் சான்றிதழை ஸ்கேன் பண்ணி, சாதிச் சான்றை ஏற்றி, முதல் பட்டதாரிச் சான்று இன்னும் வரவில்லை என்று அழுகிற அம்மாவைத் தாலுகா ஆபீசுக்கு அனுப்பி வைப்பது வரை என் வேலைதான்.

என் கடைக்கு இன்னொரு சீசன் உண்டு. அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் என் கடையில் விண்ணப்பம் போட்ட அதே பிள்ளைகள், மீசை முளைத்து, பயோடேட்டா பிரிண்ட் எடுக்க வருவார்கள். முதலில் கலர் பிரிண்ட், நல்ல தாள், பத்து காப்பி. ஆறு மாதம் போனால் கறுப்பு வெள்ளை, இரண்டு காப்பி. அப்புறம் அரசு எழுத்தர் வேலைக்கான குரூப் 4 விண்ணப்பம். வாங்கின பட்டம் எதுவாக இருந்தாலும் கடைசியில் அந்த நாற்காலியில் வந்து உட்காருகிறவர்கள் ஏராளம்.

2003-லிருந்து ஒரு லாங் சைஸ் நோட்டு வைத்திருக்கிறேன். கணக்குக்காக ஆரம்பித்தது. பெயர், கட் ஆஃப் (கலந்தாய்வுக்கு எடுக்கும் மதிப்பெண்), முதலில் கேட்ட பிரிவு, கொடுத்த காசு, அவ்வளவுதான். இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது. பழைய நோட்டில் கட் ஆஃப் 300-க்கு இருக்கும், நுழைவுத் தேர்வையும் சேர்த்து. 2007-லிருந்து 200-க்கு வந்துவிட்டது. புரட்டிப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஆரம்பத்துப் பக்கங்களில் வரிசையாக ஈ.சி.இ., அதாவது எலக்ட்ரானிக்ஸ். கம்ப்யூட்டர் வேண்டாம், அமெரிக்காவில் எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள் என்று 2001 கதையை அப்போதும் பேசிக்கொண்டிருந்தார்கள். 2007-ல் ஐ.டி., ஐ.டி. என்று ஒரே கூட்டம். 2009-ல் அதே தெருக்காரர்கள், ஐ.டி.யா, வேண்டவே வேண்டாம், சிவில் போடுங்க, கட்டடம் கட்டாமலா இருக்கப் போறான் என்றார்கள். அப்புறம் நாலைந்து வருஷம் பக்கம் பக்கமாக மெக்கானிக்கல். 2019 வாக்கில் திரும்பவும் கம்ப்யூட்டர். இப்போது ஏ.ஐ. விரிவு கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. "அந்த ஏ.ஐ.ன்னு ஒண்ணு இருக்காமே, அத போடுங்க" என்பார்கள்.

ஒவ்வொரு வருஷமும் அவர்கள் சொன்னது அந்த வருஷத்துக்குச் சரிதான். அதுதான் கஷ்டமே. இந்த மே மாதம் வேலை கிடைக்கிறது என்று ஊர் பேசுவது, நாலு வருஷத்துக்கு முன்னால் சேர்ந்து இப்போது வெளியே வருகிறவனுக்கு. அவன் சேர்ந்தபோது அந்தப் பிரிவில் ஆள் குறைவாக இருந்திருக்கும். அவனுக்கு வேலை கிடைத்ததைப் பார்த்து இப்போது ஊரே சேரும். கல்லூரிகளும் மற்ற பிரிவில் இடங்களைக் குறைத்து இதில் ஏற்றும். நாலு வருஷம் கழித்து எல்லாரும் ஒரே கதவு வழியாக வெளியே வருவார்கள். முந்திரிக்கு நல்ல விலை கிடைத்த வருஷம் பார்த்துக் கன்று வைக்கிற மாதிரிதான். பண்ருட்டிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

எங்கள் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2009, 2010 வாக்கில் பெரியகுப்பம் பக்கம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை எழும்பிக்கொண்டிருந்தது. சிதம்பரம் சாலையில் போனால் ராட்சதக் கிரேன்கள் தெரியும். ஏற்கெனவே குடிகாட்டில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது, நெய்வேலி இருக்கிறது, இதுவும் வந்துவிட்டால் கடலூர்ப் பிள்ளைகள் ஊரை விட்டே போக வேண்டாம் என்று டீக்கடைகளில் பேச்சு. என் நோட்டில் அந்த இரண்டு வருஷமும் கெமிக்கல், பெட்ரோ கெமிக்கல், மெக்கானிக்கல். நிலம் போனவர் வீட்டுப் பிள்ளைக்கு முதல் உரிமை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலை தானே புயல் வந்தது. எங்கள் பலா, முந்திரி, தென்னையோடு அந்த ஆலையின் தொட்டிகளையும் உருக்குலைத்துவிட்டுப் போனது. வேலை அதோடு நின்றது. 2010-ல் கெமிக்கல் போட்ட ஒரு பையன் 2014-ல் பயோடேட்டா எடுக்க வந்தான். முகவரியில் பெரியகுப்பத்துக்குப் பக்கத்து ஊர். "ஆலை கூப்பிடு தூரத்துல இருக்குது சார், கூப்பிடத்தான் ஆளில்ல" என்றான். மறுவருஷம் பாஸ்போர்ட்டுக்கு வந்தான். இப்போது மஸ்கட்டில் இருக்கிறான், நன்றாகத்தான் இருக்கிறான். அவன் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. நாலு வருஷத்துக்குள் புயல் வரும் என்று எந்த இணைப்பிதழ் சொல்லும்?

ஊரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் நியாயமில்லை. நான் செய்ததையும் சொல்கிறேன்.

என் அக்கா மகள் 2006-ல் பிளஸ் டூ முடித்தாள். நல்ல மார்க். வரைகலை, பொம்மை செய்வது என்று கையில் ஏதாவது வைத்துக்கொண்டே இருக்கும் பெண். அக்கா என்னிடம்தான் கேட்டாள். எல்லாப் பிள்ளைகளும் என் கடைக்கு வருகிறார்கள், எனக்குத் தெரியாததா என்று ஒரு நினைப்பு எனக்கு. ஆசிரியர் பயிற்சி போடு என்றேன். இரண்டே வருஷம், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்தால் சீனியாரிட்டியில் அரசு வேலை. அப்போது அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள், என் கண்ணெதிரே நாலைந்து பேருக்கு ஆர்டர் வந்தது. தனியார் பயிற்சி நிறுவனங்கள் மூலைக்கு மூலை முளைத்ததைப் பார்த்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. அக்கா நாலு சவரன் சங்கிலியை அடகு வைத்தாள். 2008-ல் முடித்துப் பதிந்துவிட்டுக் காத்திருந்தாள். அதற்குள் கல்வி உரிமைச் சட்டம் வந்து, தகுதித் தேர்வு என்று ஒன்று வந்தது. 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வில் லட்சக்கணக்கில் எழுதினார்கள், நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. தேறாதவர்களில் அவளும் ஒருத்தி. இப்போது புதுப்பாளையத்தில் வீட்டில் டியூஷன் எடுக்கிறாள். என்னை ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பொங்கலுக்குப் போனால் காபி கொடுத்துவிட்டு, மாமா, இந்த வருஷம் என்ன போடச் சொல்றீங்க எல்லாருக்கும் என்று கேட்பாள், அவ்வளவுதான்.

என் சொந்தக் கதை இன்னும் கொஞ்சம் பழசு. டைப்பும் ஷார்ட்ஹேண்டும் தெரிந்தவனுக்குச் சோற்றுக்குப் பஞ்சமில்லை என்று எங்கப்பா சொன்னார். தேவனாம்பட்டினம் கல்லூரியில் பி.ஏ. வரலாறு படித்துக்கொண்டே, காலை ஆறு மணிக்கு இன்ஸ்டிட்யூட் போய்த் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப் முதுநிலை (சீனியர்) முடித்தேன். நிமிஷத்துக்கு 45 வார்த்தை. அரசு வேலை வரவில்லை. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பித்ததுதான் மிச்சம். 1993-ல் ஆறு மிஷின் போட்டு நானே இன்ஸ்டிட்யூட் ஆரம்பித்தேன். கம்ப்யூட்டர் வந்ததும் டைப்பெல்லாம் செத்துப்போச்சு என்றார்கள். நானும் நம்பி நாலு மிஷினைப் பழைய இரும்புக்குப் போட்டேன். இப்போது என்னடாவென்றால், குரூப் 4-ல் தட்டச்சர் பணிக்கு டைப் பாஸ் பண்ணியிருக்க வேண்டும் என்பதால் பி.இ. முடித்த பிள்ளைகள் மிஷின் தேடி அலைகிறார்கள். மீதி இருந்த இரண்டு கோத்ரெஜ் மிஷினையும் பரணிலிருந்து இறக்கித் துடைத்துப் போட்டிருக்கிறேன். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை இடமில்லை.

இவ்வளவும் சொன்னதால், பிள்ளைகள் பிடித்ததைப் படிக்கட்டும், வேலையைப் பற்றி யோசிக்காதீர்கள் என்று மேடையில் பேசுகிறார்களே, அந்தக் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். அப்படிப் பேசுகிறவர்கள் வீட்டில் அரிசி இருக்கிறது. வலை பின்னுகிறவரும் முந்திரி உடைக்கிற அம்மாவும் கடன் வாங்கிப் படிக்க வைப்பது வேலைக்காகத்தான். வேலையைப் பற்றிக் கேட்பது தப்பில்லை, கேட்கிற கேள்விதான் சரியில்லை என்பது என் வாதம்.

போன வருஷம் ஜூலை மாதம், கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் போடும் நேரம். நடுவீரப்பட்டு பக்கத்திலிருந்து ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். கட் ஆஃப் 150-ஐ ஒட்டி. அப்பா உட்காரும்போதே ஏ.ஐ. என்று சொல்லிவிட்டார். ஆறு கல்லூரிகளின் பெயரைப் பாக்கெட் டைரியில் எழுதியே கொண்டுவந்திருந்தார். அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. அவர் டீ குடிக்க எழுந்து போனதும் மெதுவாகக் கேட்டாள், "சார், டிரிபிள் ஈ மேல போட முடியுமா?" டிரிபிள் ஈ என்றால் எலக்ட்ரிக்கல். ஏன் என்றேன். அவள் மாமா மோட்டார் காயில் கட்டுகிறவர். எட்டாம் வகுப்பிலிருந்தே லீவு நாளெல்லாம் அந்தக் கடையில்தானாம். போர் மோட்டார் ஒன்று ஏன் எரிந்தது என்பதை எனக்குப் பத்து நிமிஷம் சொன்னாள். ஒரு ஃபேஸ் போனதும் மற்ற இரண்டில் லோடு ஏறிச் சூடாகும், பிரித்துப் பார்த்தால் எந்தக் காயில் கறுத்திருக்கிறது என்பதை வைத்தே சொல்லிவிடலாம் என்று கையால் காற்றில் சுற்றிக் காட்டினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் அவளுக்குப் புரிந்திருக்கிறது என்பது மட்டும் புரிந்தது.

அப்பா திரும்பி வந்ததும் நான் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "கரண்டு வேலை பொம்பளப் புள்ளைக்கு எதுக்குண்ணே?" என்றார். பட்டியலை உறுதி செய்யும் ஓ.டி.பி. அவர் போனுக்குத்தான் வரும். இதைப் பலர் கவனிப்பதில்லை. படிக்கப் போவது யாராக இருந்தாலும் ஓ.டி.பி. அப்பா போனில். கடைசியில் ஒரு பஞ்சாயத்து ஆனது. ஆறும் ஏ.ஐ., ஏழாவதாகப் பக்கத்துக் கல்லூரியில் டிரிபிள் ஈ, சும்மா இருக்கட்டும் என்று. அவள் ரேங்க் வருவதற்குள் மேலே உள்ள ஆறும் நிரம்பிவிட்டன. ஏழாவது கிடைத்தது. திரையில் அதைப் பார்த்து அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். மகள் செருப்பு வாரைச் சரி பண்ணுகிற சாக்கில் குனிந்துகொண்டாள். போன மாதம் ரெக்கார்டு நோட்டுக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தாள். முதல் செமஸ்டரில் அரியர் இல்லையாம். இரண்டாவது முடிந்தாலும் இன்னும் ஆறு செமஸ்டர் பாக்கி, நான் ஒன்றும் முடிவாகச் சொல்ல மாட்டேன்.

அரியர் என்றதும் ஞாபகம் வருகிறது. பிடிக்கிறதா என்று பார்க்கச் சொல்வது ஏதோ ஆசைக்காக இல்லை. கேம்பஸ் வரும் கம்பெனிகள் பெரும்பாலும் அறுபது சதவீதம், அரியர் நிலுவை கூடாது என்றுதான் கேட்கின்றன. ஒட்டாத பிரிவில் உட்கார வைத்த பிள்ளை முதல் வருஷக் கணக்குப் பேப்பரிலேயே மாட்டிக்கொண்டால், எவ்வளவு கிராக்கி உள்ள பிரிவாக இருந்தாலும் இன்டர்வியூ நாற்காலியில் உட்காரவே முடியாது. அதே சமயம் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள பெரிய சாஃப்ட்வேர் கம்பெனிகள் மொத்தமாக ஆள் எடுக்கும்போது சிவில், மெக்கானிக்கல் என்று பார்க்காமல் எடுக்கிறார்கள். என் நோட்டில் சிவில் படித்துவிட்டு அங்கே உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் நிறைய. அப்படியானால் பிரிவைவிட, அந்தத் துறையில் நிரந்தர ஆசிரியர்கள் இருக்கிறார்களா, லேபில் மிஷின் ஓடுகிறதா, தூசி படிந்து கிடக்கிறதா என்பதைத்தானே முதலில் போய்ப் பார்க்க வேண்டும்? நடுவீரப்பட்டுக்காரர் மாடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் வாங்குவாரா?

இன்னொன்று, இது என் கடைக்காரப் புலம்பல். புதுசு புதுசாக நீளமான பெயரில் பட்டம் வருகிறது. நாலு வருஷம் கழித்து அரசு வேலைக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தால் பட்டியலில் அந்தப் பட்டத்தின் பெயர் இருக்காது. நெடுஞ்சாலை, பொதுப்பணி என்றால் சிவில் கேட்பான், மின்வாரியம் என்றால் எலக்ட்ரிக்கல் கேட்பான். இதுவும் அதுவும் ஒரே பட்டம்தான் என்கிற இணைத்தன்மைச் சான்று எங்கே வாங்குவது என்று அந்தப் பிள்ளை என்னைக் கேட்கும். சேரும்போதே இதைக் கேட்ட அப்பா ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தனியார் கல்லூரி ஒன்றில் வேலைவாய்ப்புப் பிரிவில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்த தம்பி ஒருவன், நூறு சதவீத வேலைவாய்ப்பு என்ற பிளெக்ஸ் எப்படித் தயாராகிறது என்று எனக்குச் சொன்னான். அரியர் வைத்திருப்பவர்களை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஒரு பையனுக்கு மூன்று ஆர்டர் வந்தால் மூன்றாக எண்ண வேண்டும். கால் சென்டர் வேலையும் வேலைதான். சேர்ந்தாரா, எத்தனை மாதம் இருந்தார் என்ற கேள்வியே கிடையாது. அந்தக் கணக்கின் முழுப்பக்க விளம்பரம் தங்கள் நாளிதழின் அதே இணைப்பில், எதைப் படித்தால் வேலை என்ற கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில் வந்திருந்தது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கத்தரித்துக் கொண்டுவருகிறவர்கள் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த மே மாதம் அந்தப் பக்கத்தில் பாதியையாவது வேறு மாதிரிப் போடுங்கள். கடலூர், விழுப்புரம், புதுச்சேரி வட்டாரத்தில் பத்தே பத்துக் கல்லூரி போதும். நாலு வருஷத்துக்கு முன்னால் எந்தப் பிரிவில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் அரியர் இல்லாமல் முடித்தார்கள், எத்தனை பேர் உண்மையிலேயே வேலையில் சேர்ந்தார்கள், என்ன வேலை, கைக்கு என்ன வருகிறது. இதோடு பாலிடெக்னிக்கையும், தேவனாம்பட்டினம் மாதிரி அரசு கலைக் கல்லூரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிப்ளமோ முடித்து நேராக பி.இ. இரண்டாம் வருஷத்தில் சேரலாம் என்பதே தெரியாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. கேட்டால் கொடுக்க மாட்டேன் என்று சொல்கிற கல்லூரி இருந்தால், அதையும் அப்படியே அச்சில் போட்டுவிடுங்கள், எங்களுக்கு அதுவே ஒரு தகவல்தான்.

நிருபர் யாரையாவது அனுப்பினால் என் மூன்று நோட்டையும் காட்டத் தயார். பிள்ளைகள் பெயரை மட்டும் தாள் வைத்து மறைத்துவிடுவேன். இப்போது வேண்டாம், விண்ணப்பக் கூட்டம். ஜூன் கடைசியில் காலை பத்து மணிக்கு முன்னால் வரச் சொல்லுங்கள். மாலையில் வந்தால் டைப் சத்தத்தில் பேச முடியாது.

என் பெயரைப் போட வேண்டாம். அந்த லேமினேஷன்காரர் தினமும் கடை வழியாகத்தான் போகிறார்.

இப்படிக்கு,
பிரவுசிங் சென்டர்காரர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.